வளையலும் ஸ்பிரிங்கும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரம்பலூரிலிருந்து என் தங்கை டெலிபோன் செய்தாள். க்ஷேம லாபங்களை விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில், "அண்ணா! மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பிரிங் என்ன விலை இருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வெங்காயம் என்ன விலை, துவரம் பருப்பு என்ன விலை என்று கேட்பவள் அவள். ஸ்பிரிங் விலை அவளுக்கு எதற்கு?

"எல்லாம் உன் மருமானால்தான். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த ஸ்பிரிங் சுத்த உதவாக்கரையாம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஸ்வீடன் தேசத்திலிருந்து வரவழைக்க வேணுமாம். லட்சத்துக்கு மேல் ஆகுமாம். என் கையிலே கிடக்கிற நாலு வளையலைக் கேட்கிறான்!"

"கொடுத்துவிட்டாயா?"

"நீ வந்து பார்த்துச் சொல்லு. அப்புறம் யோசிக்கிறேன்."

வாசகர்களே! உங்களில் பலர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதன் பின் ஸீட்டில் ஒரு தடவையாவது உட்காராதவர் இந்தத் தமிழ் நாட்டில் உண்டா? நடுத்தெருப் பள்ளத்தில் வண்டி 'டங்' என்று விழுந்து, முதுகெலும்பு கழுத்துவரை வந்துவிட்டுப் போனதை மறந்திருப்பீர்களா? ஆகையால் இந்த வாரம் கொஞ்சம் சிரமத்தைப் பார்க்காமல் என்னோடு பெரம்பலூர் வரையில் வாருங்கள்.

மருமானுக்கு இருபத்துநாலு வயது. நல்ல பையன், வேலையில் இருக்கிறான், மோட்டார் சைக்கிள் என்றால் மட்டும் சாப்பாடு வேண்டாம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் ஒன்று இருக்கிறதல்லவா? 1990-இல் திறந்தது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பெல்லாம் சென்னைக்காரர்கள் சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில்தான் பந்தயம் நடத்திவந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் இல்லாத சில நாட்களில், கட்டணம் வாங்கிக்கொண்டு நம் போன்றவர்களையும் சொந்த வண்டியோடு உள்ளே விடுகிறார்கள். மருமான் அதற்குப் பெயர் கொடுத்திருந்தான். போவதற்கு முன் வண்டியைச் 'சரி' செய்ய வேண்டும் என்பது அவனுடைய ஆவல்.

"மாமா! பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே குப்புற இறங்குகிறது. அரியலூர் ரோட்டிலோ கை இரண்டும் கழன்று விழுகிறது. இதற்குப் பெயர் சஸ்பென்ஷனா?" என்றான்.

கவனியுங்கள். ஒரே மூச்சில் இரண்டு புகார். பிரேக் பிடித்தால் இறங்குகிறது. அதாவது, மெத்தென்று இருக்கிறது. ரோட்டில் கையை உடைக்கிறது; அதாவது, விறைப்பாக இருக்கிறது. ஒரே சாமான் எப்படி ஐயா மெத்தென்றும் விறைப்பாகவும் இருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் வளையலுக்கும் வழி பிறக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அரியலூர் ரோட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பெரம்பலூரும் அரியலூரும் ஒரு ஜில்லாவாக இருந்து, 2001-இல் பிரிந்து, மறு வருஷமே சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தவை. ஸ்பிரிங்கைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்? இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இந்தப் பக்கத்தில் கரிசல் பூமி நிறைய உண்டு. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போடுகிற சாலை நாளடைவில் அலை அலையாக எழும்பித் தாழ்ந்துவிடுகிறது. அரியலூர்ப் பக்கமோ ஏழெட்டுக் கோடி வருஷங்களுக்கு முன்னால் கடலாக இருந்த பிரதேசம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக எழுந்தன. கல் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி, தாரின் ஓரங்கள் தோசை ஓரம் மாதிரிப் பிய்ந்து கிடக்கும் இடங்கள் உண்டு. ஆக, நீண்ட மெதுவான அலை ஒரு பக்கம். கத்தி மாதிரி வெட்டிய விளிம்பு இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே வண்டி சமாளிக்க வேண்டும்.

மருமான் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து அரியலூர் வரையில் போய் வந்தேன். திரும்பி வந்ததும் என் தங்கை வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அதைப் பற்றி இங்கே விஸ்தரிக்க வேண்டாம்.

மறுநாள் அவனுக்குத் தெரிந்த மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனோம். முன் ஃபோர்க்கைப் பார்த்ததுமே மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். ஆயில் சீல் இரண்டும் கசிந்து, குழாயில் புழுதி அப்பிக் கிடந்தது. கழற்றி எண்ணெயை ஒரு டப்பாவில் கவிழ்த்தார். எண்ணெயா அது? மாட்டுத் தொட்டிக் கழுநீருக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. வண்டி 28,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஃபோர்க் எண்ணெயை ஒரு தடவைகூட மாற்றவில்லை!

"இந்த ஊர்லே ஃபோர்க் ஆயில் மாத்துங்கன்னு யாரும் வரமாட்டாங்க சார். ஒழுகினாத்தான் வருவாங்க. எஞ்சின் ஆயில் மட்டும் தேதி பார்த்து மாத்துவாங்க" என்றார் மெக்கானிக்.

நம் வீட்டுக் கணக்கும் அப்படித்தானே? சத்தம் போடுகிற பிள்ளைக்கு முதல் கவளம். சத்தம் போடாத பிள்ளை கடைசியில்.

ஃபோர்க்குக்குள் இருப்பவை இரண்டு: ஸ்பிரிங், எண்ணெய். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் அதற்கு ஒரு துர்க்குணம் உண்டு. வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாது. உடனே திருப்பிக் கொடுத்துவிடும். ஸ்பிரிங்கை மட்டும் நம்பினால் ஒரு பள்ளத்துக்கு வண்டி நாலு தடவை குதிக்கும். அங்கேதான் எண்ணெய் வருகிறது. சிறு துவாரங்கள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் சக்தியை விழுங்கி, உஷ்ணமாக்கி வெளியே விட்டுவிடுகிறது. இந்த எண்ணெய் ஏற்பாடுள்ள குழாய் ஃபோர்க்கை 1935-இலேயே ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் விற்பனை வண்டிகளில் கொண்டுவந்துவிட்டார்கள். பின் சக்கரத்துக்கு அந்த யோகம் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் இரும்புச் சட்டமேதான். ஸீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு சுருள்தான் ஓட்டுகிறவருக்குக் கதி. 1940-களின் கடைசியில் ராயல் என்பீல்டு புல்லட் பின் ஸ்பிரிங்கோடு வந்தபோது அது பெரிய புதுமை. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா ஆரம்பமாகி, புல்லட் நம் ஊர் வண்டியானது இன்னொரு கதை.

இப்போது அந்தத் துவாரத்துக்கு வருவோம். பிள்ளைகள் விளையாடும் பீச்சாங்குழலை எடுத்துக்கொள்ளுங்கள். மெள்ள அழுத்தினால் தண்ணீர் சுலபமாகப் போகும். 'சடக்'கென்று அழுத்திப் பாருங்கள், கையை எதிர்த்துத் தள்ளும். வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நாலு மடங்கு; மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நம் சாதாரண வண்டிகளின் ஃபோர்க்கில் இருப்பது அநேகமாக இந்தப் பீச்சாங்குழல் சூத்திரம்தான். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக இறங்குகிறது. துவாரம் எதிர்ப்பே காட்டுவதில்லை. ஆகவே குப்புற இறங்குகிறது. கத்தி விளிம்புப் பள்ளத்தில் சக்கரம் மின்னல் வேகத்தில் மேலே ஏறுகிறது. துவாரம் அடைத்துக்கொண்டாற்போல் ஆகிவிடுகிறது. அடி நேரே மணிக்கட்டுக்கு வருகிறது. மருமானுடைய இரண்டு புகாரும் ஒரே துவாரத்தைப் பற்றியவை!

ஏன் கம்பெனிக்காரர்கள் இதை இப்படி வைத்திருக்கிறார்கள்? அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஐம்பது கிலோ காலேஜ் பையனும் வாங்குவான். தொண்ணூறு கிலோ சம்சாரி, மனைவியையும் நிறைந்த காஸ் ஸிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு போவார். ஸிலிண்டர் மட்டுமே முப்பது கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். இவர்கள் எல்லோருக்கும் ஒரே ஸ்பிரிங், அதுவும் கட்டுப்படியாகிற விலையில். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்புப் போடுகிற சமையற்காரரைப் போலத்தான். எல்லா நாக்குக்கும் நடுவாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறார். ஆனால் இலையோரத்தில் கொஞ்சம் உப்பு வைத்துவிட்டும் போகிறார். அதை யாரும் தொடுவதில்லை.

அந்த உப்பு பின் ஷாக் அப்சார்பரில் இருக்கும் படிகள்தாம். ஸி-ஸ்பேனர் என்ற கொக்கி போன்ற சாமானால் திருப்பினால் ஒவ்வொரு படியாக ஏறும். மருமான் வண்டி, கம்பெனியிலிருந்து வந்த இரண்டாவது படியிலேயே இருந்தது. "படியைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும், மாமா" என்றான். அநேகர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது தப்பு. ஸ்பிரிங்கின் பலம் பலமேதான். படி ஏற ஏற வண்டி உட்காரும் உயரம்தான் மாறுகிறது. மேலும் கீழும் அசைய எவ்வளவு இடம் மிச்சம் என்பதை நிர்ணயிப்பது அதுதான்.

டேப் எடுத்து அளந்தோம். இரண்டு பேர் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, பின் சக்கர அச்சிலிருந்து மேலே ஓர் அடையாளம் வரை ஓர் அளவு. அவன் ஏறி உட்கார்ந்தபின் அதே இடத்தில் இன்னோர் அளவு. இரண்டுக்கும் வித்தியாசம், சக்கரம் மொத்தம் அசையக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் தெருவுக்குச் சரி. பந்தயத் தளத்துக்கு நாலில் ஒரு பங்குக்குப் பக்கமாக. அவன் தனியாகப் போக மூன்றாவது படி. தாயாரை ஏற்றிக்கொண்டு போக ஐந்தாவது படி என்று கண்டுபிடித்தோம். புது ஆயில் சீல், வண்டியின் புத்தகத்தில் போட்டிருந்த 10 நம்பர் எண்ணெய், தளர்ந்திருந்த கோன் செட்டை இறுக்கிய கூலி, எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூறு ரூபாய்.

அன்று சாயங்காலம் அரியலூர் போய் வந்தபோது எனக்கு ஒத்தடம் தேவைப்படவில்லை. மருமான் ஒன்றும் பேசாமல் வந்தான். பாதி வழியில், "பரவாயில்லை மாமா" என்றான். வளையல் தங்கையின் கையிலேயே இருந்தது. கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் பெரிய சூரன் என்று பெயர் வாங்கியிருப்பேன். முடியவில்லையே!

இருங்காட்டுக்கோட்டைக்கு நானும் போனேன். கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளுக்கு டேப் ஒட்டி, இரவல் தோல் அங்கி மாட்டிக்கொண்டு மருமான் உள்ளே போனான். நாலைந்து சுற்று வரையில் முகத்தில் ஒரே சந்தோஷம். பிறகு சந்தோஷம் குறைந்தது. நேர்ப்பாதை முடிவில் முழு வேகத்திலிருந்து பிரேக் பிடித்தால் ஃபோர்க் அடிமட்டம் வரை போய் முட்டியது. வளைவில் காலடிக் கம்பி தரையில் உராய்ந்து கத்திற்று. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: வண்டி 45 பாகை சாய்ந்து திரும்பும்போது ஸ்பிரிங்குகள்மேல் விழும் பாரம் ஏறக்குறைய 1.4 மடங்காகிவிடுகிறது. எழுபது கிலோப் பையன், வளைவு முடியும்வரை, நூறு கிலோ ஆசாமி! அதோடு, ஓயாமல் வேலை செய்த பின் ஷாக்கின் எண்ணெய் சூடேறி இளகிவிட்டது. கடைசிச் சுற்றுகளில் வண்டியின் பின்பாகம் கொள்ளிடத்து ஓடம் மாதிரி ஆடிக்கொண்டே வந்தது.

ஆக, பையன் சொன்னதில் பொய் இல்லை. பந்தயத் தளத்தில் கம்பெனிச் சாமானுக்கு ஒரு கோடு இருக்கிறது. அவன் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டான். கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியாததல்ல. ஓசூரில் செய்யும் டி.வி.எஸ். அபாச்சி ஆர்.ஆர். 310 வண்டி 2017 டிசம்பரில் வந்தபோது அதன் முன் ஃபோர்க்கில் திருப்புவதற்கு ஒரு திருகுகூட இல்லை. 2021-இல், கூடப் பணம் கொடுத்தால் ஏறுவது, இறங்குவது, உயரம் எல்லாவற்றையும் தனித்தனியே திருகிக்கொள்ளும் ஃபோர்க்கும் ஷாக்கும் பொருத்தித் தருகிறோம் என்றார்கள். மருமான் ஆசைப்பட்ட ஸ்வீடன் கம்பெனியும் நேற்று முளைத்ததல்ல. கென்த் ஒலின் என்பவர் 1976-இல் தொடங்கியது. இரண்டே வருஷத்தில் அவருடைய ஷாக்கைப் பூட்டிய வண்டி மோட்டோகிராஸில் உலகப் பட்டம் வாங்கிற்று.

தளத்தில் யாரோ ஒரு சிநேகிதர் மருமானிடம், "இதற்கு லட்சம் எதற்கு? ஃபோர்க்கில் 20 நம்பர் எண்ணெய் ஊற்று. கெட்டியாக இருக்கும், இறங்காது" என்று யோசனை சொன்னார். அடுத்த தடவை போவதற்கு முன் அப்படியே செய்தான். உண்மையாகவே பலன் இருந்தது! பிரேக்கில் இறங்குவது குறைந்தது. அன்று இரவே திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூர் வந்து சேர்ந்தான். அந்த நாலு வழிச் சாலை வழவழப்பானது. ஒரு குறையும் தெரியவில்லை. எண்ணெயை மாற்ற வேண்டும் என்ற நினைவே வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அரியலூரில் ஒரு வளைகாப்பு. தங்கை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பின் ஷாக்கை ஐந்தாவது படிக்கு மாற்ற மருமான் மறக்கவில்லை. அரியலூர் நெருங்கும்போது முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி. சாலை பிய்ந்து கிடந்த இடத்தில் லாரி திடீரென்று நின்றது. இவன் பிரேக் பிடித்தான்.

கெட்டி எண்ணெய் இப்போது தன் குணத்தைக் காட்டிற்று. ஒவ்வொரு விளிம்பிலும் ஃபோர்க் மேலே ஏற மறுத்தது. ஏறினால், அடுத்த விளிம்புக்குள் கீழே இறங்க மறுத்தது. முன் சக்கரம் தவளை மாதிரித் தத்தித் தத்திப் போயிற்று. தரையில் பாவாத சக்கரத்தை ஏ.பி.எஸ். என்ன செய்யும்? நழுவுகிறது என்று நினைத்துப் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. லாரியின் பின்பலகைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

"அண்ணா, அந்தப் பலகையில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தது. ஒவ்வோர் எழுத்தும் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது" என்று என் தங்கை பின்னால் சொன்னாள். வளைகாப்பில் அவளால் ஒரு கவளம்கூடச் சாப்பிட முடியவில்லையாம். மருமான் திரும்பி வரும்போது வண்டியை மணிக்கு முப்பதுக்குமேல் விரட்டவில்லையாம்.

அன்றிரவு அவனே டெலிபோன் செய்தான். குரல் கம்மியிருந்தது. "மாமா! தளத்தில் நல்லதாக இருந்தது ரோட்டில் ஏன் கெட்டதாகிவிட்டது?"

"துவாரம் ஒன்றுதானே, தம்பி? அதில் கெட்டி எண்ணெயை ஊற்றினால் மெதுவான ஆட்டமும் கெட்டிப்படும், வேகமான ஆட்டமும் கெட்டிப்படும். மெதுவானதைக் கெட்டியாக்கி, வேகமானதை இளக்க வேண்டுமானால் உனக்கு வேறு துவாரம் வேண்டும். விலை உயர்ந்த ஃபோர்க்கில் நீ காசு கொடுத்து வாங்குவது அதைத்தான். மெல்லிய எஃகு வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். சின்ன அழுத்தத்துக்கு மூடியிருக்கும்; பெரிய அடி வந்தால் வளைந்து வழி விடும்."

"அப்படியானால் வாங்க வேண்டியதுதானா?"

இதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. வருஷத்தில் இரண்டு நாள் தளம். முந்நூற்றுச் சொச்ச நாள் அரியலூர் ரோடு. இரண்டு நாளுக்காக நாலு வளையலா? அவனுடைய வண்டி விலைக்கும் அந்தச் சாமான் விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவன் பந்தயக்காரனாகப் போவதாக இருந்தால் வேறு விஷயம். அப்போதும், ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு வாங்கட்டும் என்பது என் கட்சி. தளத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே, "பிரேக்கை உதைக்காதே, அழுத்து" என்று சொல்லியிருக்கிறார். அப்படி அழுத்தியவர்கள் இதே போன்ற வண்டிகளில் இவனைத் தாண்டிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். நடுவழியாக ஒன்று இருக்கிறது. பழைய ஃபோர்க் குழாய்க்குள்ளேயே வைக்கக்கூடிய ஒரு சிறு வால்வு விற்கிறார்கள். அந்த எஃகு வில்லை செய்கிற வேலையை ஓரளவு இதுவும் செய்யும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதை வாங்கிக்கொள், அதுவரை புத்தகத்தில் போட்ட எண்ணெயையே ஊற்று, தளத்தில் ஃபோர்க் இறங்கினால் இறங்கட்டும் என்று சொன்னேன்.

மறுநாளே 10 நம்பர் எண்ணெய்க்குத் திரும்பிவிட்டான். வளையல் நாலும் பத்திரமாக இருக்கின்றன.

போன மாதம் நான் பெரம்பலூர் போயிருந்தபோது, சமையலறை வாசலில், காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே ஸி-ஸ்பேனரும் தொங்கிற்று. கோயிலுக்குப் போக மருமான் வண்டியை வெளியே எடுத்தான். என் தங்கை பூக்கூடையோடு வாசலில் வந்து நின்றாள், ஏறவில்லை.

"எத்தனாவது படி?" என்று கேட்டாள்.

"மூணு, அம்மா."

ஸ்பேனரை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் குனிந்து திருப்புகிற வரையில் 'கட்', 'கட்' என்று கேட்ட சத்தத்தை இரண்டு என்று எண்ணினாள். பிறகுதான் ஏறி உட்கார்ந்தாள்.